பழைய ஐரோப்பியக் கருவிகளின் பித்தளை: துத்தநாகம் உள்ளே வந்த வழி

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய அஸ்ட்ரோலேபின் (விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரத்தைக் கணிக்க உதவிய தட்டு வடிவக் கருவி) கீழே இருக்கும் அட்டையைப் படித்தால், செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, விட்டம் எல்லாம் இருக்கும். உலோகம் என்று வரும்போது மட்டும் ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவார்கள்: பித்தளை. 1530-களில் நூரம்பெர்க் நகரில் கியோர்க் ஹார்ட்மன் செய்த அஸ்ட்ரோலேபுக்கும் அந்தச் சொல்தான். 1750இல் லண்டனில் ஜான் பேர்ட் கிரீனிச் வானாய்வகத்துக்காகச் செய்த எட்டடிச் சுவர்க் கால்வட்டத்துக்கும், அதாவது சுவரில் பதித்து விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவிக்கும், அதுதான். 1880-களில் ஒரு தொழிற்சாலையில் இருந்து வந்த நுண்ணோக்கிக் குழாய்க்கும் அதேதான். உள்ளே இருக்கும் உலோகமோ மூன்றிலும் வேறு வேறு. துத்தநாகத்தின் அளவு வேறு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஈயம், வெள்ளீயம், இரும்பு, நிக்கல் வேறு, எல்லாவற்றுக்கும் மேலாக, துத்தநாகம் செம்புக்குள் போன வழியே வேறு. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் ஒரு கருவியின் வயதைப் பற்றிச் சில உறுதியான முடிவுகளுக்கு வரலாம். சில முடிவுகளுக்கு ஏன் வரவே கூடாது என்பதும் அப்போதுதான் புரியும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கேட்பதற்கு எளிய சேர்க்கை. ஆனால் ஐரோப்பியர்கள் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் துத்தநாகம் என்ற உலோகத்தைத் தனியாகக் கையாளாமலே பித்தளை செய்தார்கள். காரணம் கொதிநிலை. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதன் தாதுவைக் கரியோடு சேர்த்து உலோகமாகப் பிரிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 1,000 டிகிரி சூடு வேண்டும். அதாவது, தாதுவிலிருந்து வெளியே வரும் கணத்திலேயே துத்தநாகம் ஆவியாக இருக்கிறது. காற்று பட்டதும் எரிந்து வெள்ளைத் தூளாகப் பறந்துவிடும். இரும்பையும் ஈயத்தையும் போல உலையின் அடியிலிருந்து வழித்தெடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு ரோமானியர் காலத்திலிருந்தே ஒரு வழி இருந்தது. காலமைன் என்ற துத்தநாகத் தாதுவைப் பொடித்து, கரித்தூளோடு கலந்து, சிறு சிறு செம்புத் துண்டுகளையும் சேர்த்து மண் மூசையில் இட்டு, வாயை மூடி, மணிக்கணக்கில் சூடேற்றுவார்கள். சூடு செம்பை உருக்கிவிடக் கூடாது. துத்தநாகத்தை ஆவியாக்க மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். மூடிய மூசைக்குள் எழும் ஆவிக்குப் போக வேறு இடமில்லை. இட்டலிப் பானையில் ஆவி மாவுக்குள் ஏறுவதுபோல அது திடச் செம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். துத்தநாகம் ஏற ஏற செம்பின் உருகுநிலை இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் சூட்டைச் சற்றுக் கூட்டினால் எல்லாம் உருகி, கலங்கி, ஒரே சீரான மஞ்சள் உலோகமாகிவிடும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸ் தம் கைவினை நூலில் இதை விவரித்திருக்கிறார். 1540இல் அச்சான, இத்தாலியர் பிரிங்குச்சோவின் உலோக நூலில் மிலான் நகரப் பித்தளைப் பட்டறை ஒன்றின் வர்ணனை இருக்கிறது. செம்பின் எடை இந்த வேலையில் கூடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஓர் உலோகம் அதற்குள் புகுந்துகொண்டது என்று பலர் நினைக்கவில்லை. காலமைன் செம்புக்கு நிறமேற்றும் ஒருவகை மண் என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

இந்த முறைக்கு இயல்பாகவே ஓர் உச்சவரம்பு உண்டு. கட்டுரையில் இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இதுதான். ஆவி, செம்பின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். போதுமான துத்தநாகம் ஏறியதும் துண்டுகள் உருகி மூசையின் அடியில் ஒரே குளமாகிவிடுகின்றன. மேற்பரப்பு சட்டென்று குறைந்துவிடுவதால் அதன்பின் ஏறுவது மிகக் குறைவு. இன்றைய ஆய்வாளர்கள் இந்த முறையை மறுபடி செய்து பார்த்ததில், துண்டுச் செம்போடு சுமார் 28 சதவீதத் துத்தநாகம் வரை போக முடிந்தது. உருகிய செம்பைத் தண்ணீரில் ஊற்றி மணிமணியாக்கிப் பயன்படுத்தினால் மேற்பரப்பு கூடும். அப்போது சுமார் 33 சதவீதம் வரை எட்டலாம். இந்த மணியாக்கும் உத்திக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நெஹமயா சாம்பியன் 1723இல் காப்புரிமை பெற்றார்.

இன்னொன்றும் உண்டு. பித்தளையை மறுபடி உருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துத்தநாகம் எரிந்து போய்விடும். பழைய பாத்திரங்களையும் விளக்குத்தண்டுகளையும் உருக்கிச் செய்த தகட்டில் துத்தநாகம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருப்பது சாதாரணம். அதனால் 15, 16ஆம் நூற்றாண்டுக் கருவிகளை அளந்தால் எண்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மேலே மட்டும் ஒரு கூரை இருக்கிறது. கீழே அப்படி எதுவும் இல்லை.

கருவி செய்தவர்கள் எந்த ஊர்களில் இருந்தார்கள் என்பதற்கும் இந்த உலோகத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இன்றைய பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள தினாந்த் இடைக்காலத்தில் பித்தளைக்குப் பேர்போன ஊர். 1466இல் பர்கண்டிப் படைகள் அந்த ஊரை அழித்தபோது கம்மியர்கள் பக்கத்து நகரங்களுக்குச் சிதறினார்கள். ஆகன் நகருக்கு அருகே கெல்மிஸில் ஐரோப்பாவின் மிகப் பெரிய காலமைன் சுரங்கங்களில் ஒன்று இருந்தது. ஆகனிலும், பின்னர் அங்கிருந்து வெளியேறிய புராட்டஸ்டண்ட் செம்புத் தொழிலதிபர்களால் ஷ்டோல்பெர்கிலும் பித்தளைத் தொழில் தழைத்தது. அதே வட்டாரத்திலிருந்து வெகு தூரமில்லாத லூவனில்தான் பேர்பெற்ற கருவிக் கலைஞர்களான கெம்மா ஃப்ரீசியஸும், மெர்காட்டரும், பிறகு வால்ட்டர் ஆர்சீனியஸும் வேலை செய்தார்கள். நூரம்பெர்க்கின் பலம் வேறு. மான்ஸ்ஃபெல்ட், திரோல், ஸ்லோவாக்கியா மலைகளின் செம்பு அந்த நகர வணிகர்களின் கையில் புரண்டது. வானியல் கருவிகள் எளிதாகக் கிடைக்கும், வணிகர்களின் பயணங்களால் எங்கும் உள்ள அறிஞர்களோடு தொடர்பு கொள்வதும் எளிது என்று பார்த்து 1471இல் வானியலாளர் ரெஜியோமாண்டனஸ் அங்கே குடியேறினார். இரண்டு தலைமுறை கழித்து ஹார்ட்மன் அங்கே அஸ்ட்ரோலேப்களைத் தொகுதி தொகுதியாகச் செய்தார். ஒரே சமயத்தில் பல கருவிகளின் உறுப்புகள் பட்டறையில் கிடந்ததால், எது எதோடு சேர வேண்டும் என்று தெரிய அவற்றில் சிறு எழுத்துக் குறிகளைப் பொறித்து வைத்தார்.

இங்கிலாந்து இந்தப் பந்தயத்தில் தாமதமாக வந்தது. 1566இல் சாமர்செட் பகுதியில் காலமைன் கண்டுபிடிக்கப்பட்டது. 1568இல் ஒரு கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. சாக்சனியிலிருந்து கிறிஸ்டோஃபர் ஷூட்ஸ் என்ற வல்லுநரை வரவழைத்தார்கள். ஆனாலும் நல்ல தகட்டுக்கு ஆங்கிலேயர்கள் வெகுகாலம் வெளிநாட்டையே நம்பியிருந்தார்கள். லண்டன் நாணயச் சாலையில் அச்சு வெட்டுபவராக இருந்த ஹம்ஃப்ரி கோல் அந்தக் காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த கருவிக் கலைஞர். 1576இல் வடமேற்குக் கடல்வழி தேடிப் போன ஆங்கிலக் கடலோடி ஃப்ரோபிஷரின் பயணத்துக்குக் கருவிகள் கொடுத்தவர்.

தகடு எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இதன் தடயங்கள் கருவியிலேயே தங்கிவிடுகின்றன. உருகிய பித்தளையை இரண்டு பெரிய கற்பலகைகளுக்கு நடுவே ஊற்றுவார்கள். பிரிஸ்டல் பட்டறைகள் இதற்கென்றே பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து கருங்கல் பலகைகளைக் கப்பலில் வரவழைத்தன. கல் வெடிக்காமலும் உலோகம் ஒட்டாமலும் இருக்க உட்பக்கத்தில் சாணம் பூசினார்கள். வார்த்தெடுத்த பாளத்தை வெட்டி, நீராற்றலில் இயங்கும் கனத்த சம்மட்டிகளின் கீழே தட்டித் தட்டி மெலிய வைத்தார்கள். தட்டத் தட்டப் பித்தளை விறைத்துக்கொள்ளும். மேலும் தட்டினால் வெடிக்கும். அதனால் நடுநடுவே நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். பிறகு மறுபடி தட்டுவது. கடைசி முறை மட்டும் இளக்காமல் விட்டுவிடுவார்கள். கருவிக்குத் தேவையான விறைப்பு அந்தக் கடைசித் தட்டலில்தான் கிடைக்கிறது. அதன்பின் சுரண்டி, அரம் போட்டு, மெருகேற்றினால்தான் பாகைக் கோடு கீற ஏற்ற முகம் அமையும். தகடு தட்டியதா, உருளையில் இழுத்ததா என்பது பின்னால் ஒரு பெரிய வழக்கில் சாட்சியாக வரப்போகிறது.

துத்தநாகத்தைத் தாண்டி மற்றவற்றுக்கு வருவோம். ஈயம் பித்தளையில் கரைவதில்லை. சிறு சிறு துளிகளாக அங்கங்கே நிற்கும். கடைசல் வேலைக்கு அது வரம். சுருள் நீளாமல் பொடிந்து விழும், உளி வழுவழுப்பாக ஓடும். இன்றும் கடைசலுக்குச் செய்யும் பித்தளையில் 2, 3 சதவீத ஈயம் சேர்ப்பது இதனால்தான். ஆனால் சம்மட்டியில் தட்ட வேண்டிய தகட்டுக்கு அது எதிரி. ஈயத்துளி இருக்கும் இடத்தில் விரிசல் விழும். பொன்முலாமுக்கும் எதிரி. பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடேற்றும்போது, ஈயம் இருக்கும் இடங்களில் கறை படியும். பொன்பூச வேண்டிய செம்பிலிருந்து முதலில் ஈயத்தை நீக்க வேண்டும் என்று தியோஃபிலஸே எச்சரித்திருக்கிறார். ஆக்ஸ்பர்கின் ஷிஸ்லர், பிராகாவின் ஹாபர்மெல் போன்றவர்கள் அரசவைகளுக்குச் செய்த பொன்முலாம் கருவிகளை எண்ணிப் பார்த்தால், உலோகத்தின் தேர்வு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று விளங்கும். அதே சமயம் முழுக்க ஈயமில்லாத செம்பு கிடைப்பதும் கடினம். 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மத்திய ஐரோப்பாவில் செம்பிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க அதை ஈயத்தோடு சேர்த்து உருக்கினார்கள். வெள்ளி ஈயத்தோடு போய்விடும். ஈயத்தின் மிச்சம் செம்பில் தங்கிவிடும். ஆர்சனிக், ஆண்டிமனி, நிக்கல் போன்றவை எந்தச் சுரங்கத்துச் செம்பு என்பதற்குத் துப்புக் கொடுக்கும். வெள்ளீயம் இருந்தால் பழைய வெண்கலம் உருக்கில் விழுந்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரும்பின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காலமைனோடு இரும்புத் தாதும் கலந்தே கிடைக்கும். அதனால் மூசைவழிப் பித்தளையில் கொஞ்சம் இரும்பு இல்லாமல் இருப்பது அரிது. திசைகாட்டிப் பெட்டியைப் பித்தளையில் செய்வதே அது காந்த ஊசியை இழுக்காது என்ற நம்பிக்கையில்தான். 1780-களில் லண்டனில் வாழ்ந்த இத்தாலிய இயற்பியலர் டைபீரியஸ் கவால்லோ அந்த நம்பிக்கையைச் சோதித்தார். பல பித்தளைத் துண்டுகள், சுத்தியலால் தட்டியதும் ஊசியை இழுக்கத் தொடங்கின. அதே துண்டுகளை நெருப்பில் காய்ச்சியதும் காந்தத்தன்மை போய்விட்டது. மறுபடி தட்டினால் மறுபடி வந்தது. சுத்தியலிலிருந்து இரும்புத்தூள் ஒட்டிக்கொள்கிறதா என்றுகூட யோசிக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில் இது பெரிய புதிர். இன்றைய உலோகவியல் இதை விளக்குகிறது. செம்புக்குள் நுண்துகள்களாக இருக்கும் இரும்பு, சுற்றியுள்ள செம்பின் படிக அமைப்பையே தானும் எடுத்துக்கொள்கிறது. அந்த அமைப்பில் அதற்குக் காந்தத்தன்மை இல்லை. தட்டும்போது அமைப்பு உருக்குலைந்து, நமக்குத் தெரிந்த சாதாரண இரும்பின் அமைப்புக்கு மாறுகிறது. காந்தம் பிறக்கிறது. காய்ச்சும்போது இரும்பு மறுபடி கரைந்துவிடுகிறது. கருவி செய்பவர் நிலையில் இருந்து இதைப் பாருங்கள். விறைப்பு வேண்டுமென்றால் தட்டியே ஆக வேண்டும். தட்டினால் ஊசி பிசகும். உலோகத்தில் உள்ள மிகச் சிறிய இரும்பளவு, கடலில் போகும் கப்பலின் திசையில் போய் முடிகிறது.

18ஆம் நூற்றாண்டில் துல்லியம் கூடக் கூட உலோகம் பற்றிய கவலையும் கூடியது. கிரீனிச்சில் வானியலாளர் ஹாலிக்காக 1725இல் ஜார்ஜ் கிரஹாம் அமைத்த சுவர்க் கால்வட்டத்தில் சட்டம் இரும்பு, பாகைக் கோடுகள் உள்ள வில் பித்தளை. இரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு அளவுக்கு நீளும். பித்தளை ஏறத்தாழ 19 பங்கு. எட்டடி ஆரத்தில் வெப்பநிலை 10 டிகிரி மாறினால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆரத்தில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு, என்பது 0.012 மில்லிமீட்டர்தான். பத்துக்கும் மேற்பட்ட விகலைகள் ஒரு குளிர்காலக் காலையில் காணாமல் போகக்கூடும். ஜான் பேர்ட் 1750இல் வானியலாளர் பிராட்லிக்காகச் செய்த கால்வட்டத்தில் சட்டத்தையும் பித்தளையிலேயே அமைத்தார். எல்லாம் சேர்ந்து நீண்டால் கோணம் மாறாது. கோடு பிரிக்கும் வேலையையும் வெப்பநிலை நிலையாக இருக்கும் வேளை பார்த்தே செய்தார். அதே நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் இதே வேறுபாட்டைப் பயனுள்ளதாக மாற்றினார். பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாறி மாறி அமைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்றால் ஈடுகட்டி, நீளம் மாறாத ஊசல் செய்தார்.

பித்தளையின் இன்னொரு குணம் தஞ்சாவூரில் சோதனைக்கு வந்தது. இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், லண்டனில் வில்லியம் கேரி செய்த, கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவியோடு 1808இல் அங்கே வந்தார். 36 அங்குல வட்டம், ஏறத்தாழ அரை டன் எடை. பெரிய கோயிலின் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. பாகைகள் பொறித்த வட்டம் கோணிவிட்டது. லாம்டன் சரியான அளவில் ஒரு வட்டத்தைப் பலகையில் வரைந்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரங்களில் அந்த வட்டத்துக்குள் பொருந்த வைத்தார். அளவை தொடர்ந்தது. சுமார் 35 சதவீதத்துக்குக் கீழே துத்தநாகம் உள்ள பித்தளை ஒரே வகைப் படிகங்களால் ஆனது. குளிர்ந்த நிலையிலேயே வளையும், இழுத்தால் திரும்பும். அதற்கு மேலே, 40 சதவீதத்தை நெருங்கும்போது, இரண்டாவது வகைப் படிகம் தோன்றும். அந்தப் பித்தளை விறைப்பானது, சூட்டில் நன்றாக வேலை செய்யும், குளிரில் அவ்வளவாக வளைந்துகொடுக்காது. பழைய மூசை முறையின் கூரை, கருவி செய்பவர்களுக்கு வேண்டிய எல்லைக்குள்ளேயே அவர்களை நிறுத்தி வைத்திருந்தது என்பது நல்ல தற்செயல்.

அந்தக் கூரையை உடைத்தது தனித் துத்தநாகம். அதைப் பெருமளவில் வடித்தெடுக்க முதலில் கற்றவர்கள் ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கத்தார். கத்தரிக்காய் வடிவ மண் கலங்களில் தாதுவை அடைத்து, தலைகீழாக உலையில் நட்டு, ஆவியைக் கீழே இறக்கிக் குளிரவைத்தார்கள். இடைக்காலத்திலேயே அங்கே இது தொழிற்சாலை அளவில் நடந்ததை 1980-களின் அகழாய்வுகள் காட்டின. 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய, டச்சுக் கப்பல்கள் ஆசியத் துத்தநாகத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு போயின. 1738இல் பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தைக் கீழ்நோக்கி வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உலோகங்களையும் நேரடியாக உருக்கிக் கலக்கும் முறைக்கு 1781இல் ஜேம்ஸ் எமர்சன் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகும் காலமைன் முறை உடனே சாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் அது உயிரோடு இருந்தது. ஆகவே 1800இல் செய்த ஒரு கருவி எந்த வழியில் வந்த பித்தளையாகவும் இருக்கலாம்.

இங்கே லாகூரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சிகாகோவின் ஆட்லர் கோளரங்கத்தில் உள்ள அஸ்ட்ரோலேப்களை, பக்கத்திலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் மிக வலிமையான எக்ஸ்-கதிர்களால் துருவிப் பார்த்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு லாகூர்க் கருவிகளில் மூசை முறையால் எட்டவே முடியாத அளவுக்குத் துத்தநாகம் இருந்தது, இரண்டு வகைப் படிகங்களும் இருந்தன. ஐரோப்பாவில் எமர்சன் காப்புரிமை பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே லாகூரின் கம்மியர்கள் தனித் துத்தநாகத்தைச் செம்போடு உருக்கிக் கலந்திருக்கிறார்கள். அதே காலத்து ஐரோப்பியக் கருவிகள் கூரைக்குக் கீழேயே நிற்கின்றன. துத்தநாகம் 36 சதவீதம் என்ற ஒரே எண், நூரம்பெர்க் என்று பொறித்த கருவியில் வந்தால் சந்தேகம், லாகூர் என்று பொறித்த கருவியில் வந்தால் இயல்பு. ஊர் தெரியாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

கூரை எவ்வளவு வலிமையான சாட்சி என்பதை ஒரு தகடு உலகுக்குக் காட்டியது. 1936இல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு பித்தளைத் தகடு கிடைத்தது. 1579இல் ஆங்கிலக் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக் கலிஃபோர்னியாவில் இறங்கி, எலிசபெத் அரசியின் பெயரில் அந்த நிலத்துக்கு உரிமை கோரிப் பித்தளைத் தகடு ஒன்றை அறைந்து சென்றதாகப் பழைய பயணக் குறிப்பு உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹெர்பர்ட் போல்டன் அந்தத் தகடுதான் இது என்று அறிவித்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் 1938இல் சோதித்துவிட்டு உண்மையானது என்றே சொன்னார். நாற்பது ஆண்டுகள் அது பாடப்புத்தகப் பொருளாக இருந்தது.

1970-களில் மறுபடி சோதித்தார்கள். பெர்க்லியில் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மைக்கேலும் நியூட்ரான் முறையில் அளந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் தனியாக அளந்தார்கள். துத்தநாகம் ஏறத்தாழ 35 சதவீதம். ஈயமும் மற்றக் கசடுகளும் எலிசபெத் காலப் பித்தளையில் எதிர்பார்க்கவே முடியாத அளவுக்குக் குறைவு. மூசையில் காலமைனோடு வெந்த 16ஆம் நூற்றாண்டுப் பித்தளை இவ்வளவு துத்தநாகத்தையும் இவ்வளவு தூய்மையையும் சேர்ந்து காட்டாது. தகடு சம்மட்டியில் தட்டியதாகவும் இல்லை. உருளையில் இழுத்தது. தடிமன் நவீன அமெரிக்கத் தகட்டு அளவு ஒன்றோடு பொருந்தியது. 1977இல் அது போலி என்று உறுதியானது. போல்டனின் நண்பர் வட்டமே செய்த விளையாட்டு கைமீறிப் போனது என்பது 2003இல் வெளிவந்தது. அந்தத் தீர்ப்புக்கு வலு சேர்த்தது, காலம் தெரிந்த பழைய பித்தளைப் பொருள்களின் அளவீடுகள். அந்த வகையில் தேதியும் கையெழுத்தும் பொறித்த அறிவியல் கருவிகளுக்கு ஈடில்லை. ஒரு சமையல் பாத்திரத்தில் யாரும் ஆண்டைப் பொறிப்பதில்லை. ஆர்சீனியஸும் ஹார்ட்மனும் கோலும் பொறித்தார்கள். ஐரோப்பியப் பித்தளையின் வரலாற்றை எழுத அவர்களுடைய கருவிகளே ஆண்டு தெரிந்த மாதிரிகள்.

ஆனால் இந்தச் சாட்சி ஒரு பக்கம் மட்டுமே பேசும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் விற்பனைச் சந்தையில் இது அடிக்கடி தலைகீழாகப் பயன்படுகிறது. கூரைக்கு மேலே உள்ள எண், 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கருவி என்ற உரிமைகோரலை முறியடிக்கும். கூரைக்குக் கீழே உள்ள எண் எதையும் நிரூபிக்காது. 24 சதவீதத் துத்தநாகமும் ஒரு சதவீத ஈயமும் உள்ள தகட்டை 1890இல் பழைய தேவாலய விளக்கை உருக்கி யாரும் செய்திருக்கலாம். உடைந்த பழைய தட்டு ஒன்றின் பின்புறத்திலேயே புதிதாகப் பொறித்துவிட்டால் உலோகம் முழுக்க உண்மை, கருவி முழுக்கப் பொய். அங்கே எழுத்தின் வடிவம், விண்மீன்களின் இருப்பிடம், கோடுகளின் கணக்கு ஆகியவைதான் கைகொடுக்கும்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையையே விரும்புகின்றன. கருவியில் துளை போட வேண்டாம், சுரண்ட வேண்டாம், கையடக்கமான சாதனத்தை அருகில் வைத்தால் சில நிமிடங்களில் எண் வரும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழம் மட்டுமே. தகட்டைக் காய்ச்சி இளக்கும்போது மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் ஆவியாகியிருக்கும். அமிலத்தில் போட்டுக் கறை நீக்கும்போதும் துத்தநாகமே முதலில் கரையும். பொன்முலாம் இருந்தால் தங்கமும் பாதரசமும் குறுக்கே வரும். இந்தப் படலங்களையெல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் காப்பாளர் ஒருவர் ஆர்வத்தோடு மெருகு போட்டு நீக்கியிருந்தால், ஒரே தகட்டின் இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் வரும். ஒரே ஒரு புள்ளியில் அளந்து, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு வெளியிடும் அறிக்கையை நான் நம்புவதில்லை. பல இடங்களில் அளந்து, எந்த இடம், எந்த நிலையில் என்று சொல்லும் அறிக்கைக்கே மதிப்பு.

அப்படிப் பல இடங்களில் அளக்கும்போது எதிர்பாராத பலன் ஒன்று கிடைக்கிறது. ஓர் அஸ்ட்ரோலேப் என்பது ஒரே உலோகத் துண்டு இல்லை. அடியில் தாய்த்தட்டு, அதைச் சுற்றி விளிம்பு வளையம், உள்ளே ஊருக்கு ஒன்றாக அட்சரேகைத் தட்டுகள், மேலே விண்மீன் முனைகள் கொண்ட வலைத்தட்டு, பின்புறம் நோக்குசட்டம், நடுவே ஆணியும் ஆப்பும். உறுப்பு உறுப்பாக அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே பாளத்திலிருந்து வெட்டிய தட்டுகள் ஈயத்திலும் நிக்கலிலும் ஆர்சனிக்கிலும் ஒன்றுபோல நிற்கும். பின்னால் தொலைந்துபோய் யாரோ மாற்றிப் போட்ட நோக்குசட்டம் தனியே விலகி நிற்கும். நான்கு தட்டுகளில் மூன்று ஒரே குடும்பம், நான்காவது வேறு என்று தெரிந்தால், அந்த நான்காவது எந்த அட்சரேகைக்கு உரியது என்று பார்க்கலாம். கருவி கைமாறி எந்த ஊருக்குப் போனது என்பதற்கு அது துப்பு. ஹார்ட்மன் போன்றவர்களின் உறுப்புக் குறிகள் இருக்கும் இடத்தில் இரண்டு சாட்சிகளையும் ஒத்துப் பார்க்கலாம். அட்டையில் பித்தளை என்று மட்டும் எழுதாமல் உறுப்புவாரியாக எண்களையும், அளந்த முறையையும், அளந்த இடத்தையும் கோப்பில் சேர்த்து வைத்தால், அடுத்த ஐயம் எழும்போது கருவியை மறுபடி கழற்றாமலே பதில் தேடலாம்.